கல்லூரிக் கூடங்களும் ராக் இசைப் பதிவுகளும்

இசைத்தட்டு இருவகைத்து. ஒலிப்பதிவு நிலையத்தின் மூடிய அறையினுள் பாடுவோர் பன்முறை பாடிப்பார்த்து, பிழைபட்டவற்றை அழித்து, ஒலிமேல் ஒலியாக அடுக்கித் திங்கட்கணக்கில் உழைத்துச் செய்வது ஒருவகை. அவையோர் முன்னிலையில் ஓர் இரவில் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே நாடாவிற் பிடித்துவைப்பது மற்றொருவகை. முன்னையதைச் சிற்பி செதுக்கிய படிமம் என்போமாயின், பின்னையதை ஓடுங் குதிரையின் நிழற்படம் எனலாம். ராக் எனப்படும் மேனாட்டிசையை நெடுங்காலமாக விரும்பிக் கேட்டு வருவோருள் யானும் ஒருவன். அவ்விசையில் என் உள்ளத்தைப் பெரிதும் பிணித்தவை இவ்விரண்டாம் வகைப் பதிவுகளே. அவற்றுட் சிலவற்றை, அவை பிறந்த இடமும் காலமும், அவற்றைக் கேட்குமாறும் புலப்பட, ஈண்டு ஒருவாறு எழுதப் புகுகின்றேன்.

கல்லூரி மாணவர்க்கு இதனைச் சொல்லுதற்குத் தனிக்காரணம் ஒன்று உண்டு. இவ்விசையின் அரங்கப் பதிவுகளுள் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படும் இரண்டு, கல்லூரிக் கூடங்களிலேயே பிறந்தன. ஒன்று மாணவர் உணவருந்தும் சாலை; மற்றொன்று அவர் அணிவகுத்துப் பயில்வதற்கெனக் கட்டப்பெற்ற பெருங்கொட்டகை. இசைக்கென எழுப்பிய மண்டபங்கள் பலவிருக்க, சோற்றுக்கும் அணிநடைக்கும் உரிய இடங்களுக்கு இப்பேறு வாய்த்தது வியப்பேயாகும்.

"ராக் என்பது வெறுங் கூச்சல், அதில் ஆராய்வதற்கு யாது உளது?" எனப் பெரியோர் சிலர் வினவுவர். கூச்சல் உண்டென்பதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயின் அக்கூச்சலுக்கு ஓர் எலும்புக்கூடு உண்டு. அதனை அறிந்தபின் கேட்பின் செவி வேறாகிவிடும். அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் வளர்த்த புளூஸ் என்னும் பாடல்முறையே அவ்வெலும்புக்கூடு. நம் இசை பயின்றார்க்கு விளங்குமாறு கூறின், அது நாலடி கொண்ட ஆவர்த்தங்கள் பன்னிரண்டால் ஆய ஒரு வட்டம். முதல் நான்கு ஆவர்த்தங்கள் சட்சத்தின்மேல் எழுந்த சுரக்கூட்டில் நிற்கும். அடுத்த இரண்டு மத்திமத்திற்குச் செல்லும். மீண்டும் இரண்டு சட்சத்தில் வரும். பின்னர்ப் பஞ்சமத்தில் ஒன்று, மத்திமத்தில் ஒன்று. இறுதி இரண்டும் சட்சத்தில் வந்து அடங்கும். ஆதார சுருதி மாறிவிட்டதென எண்ணற்க. அது நின்றபடியே நிற்க, அதன்மேல் எழும் கூட்டுமட்டும் இடம்பெயரும். சாகித்தியமும் பெரும்பாலும் மூவடித்து. முதலடியே இரண்டாம் முறையும் வரும். மூன்றாமடி அதற்கு விடையாகும். பாடுவோரின் காந்தாரம், சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடையே ஓரிடத்தில் நடுங்கி நிற்கும். நெஞ்சை வருத்தும் அவ்வோசைக்கு வேறு காரணம் தேடவேண்டா.

இனிப் பதிவுகளுக்கு வருவாம். இங்கிலாந்து தேசத்து 'தி ஹூ' என்னுங் குழுவினர் நால்வர்: பாடுவோர் ரோஜர் டால்ட்ரி, கிட்டார் பீட் டவுன்ஷெண்ட், பேஸ் கிட்டார் ஜான் என்ட்விசில், டிரம் கீத் மூன். 1969-ஆம் ஆண்டில் 'டாமி' என்ற இசைநாடகத்தை இசைத்தட்டாக வெளியிட்டுப் பெரும்புகழ் எய்திய இவர்கள், அதனை மேடைதோறும் நிகழ்த்திக்கொண்டு அமெரிக்கா முழுதும் சுற்றினர். அச்சுற்றின்கண் பல இரவுகளை நாடாவிற் பதிந்து வைத்தனர். நாடு திரும்பியபின் அந்நாடாக் குவியலை நோக்கிய டவுன்ஷெண்டுக்கு மலைப்புத் தட்டியது. அத்தனையையும் கேட்டுத் தேர்தற்கு நாளும் பொறுமையும் இல்லை. அவற்றைத் தீயிலிடுமாறு அவர் சொல்லிவிட்டதாகக் கூறுவர். அதன்பின்னரே, இரண்டே இரவுகளை மாத்திரம் குறித்துக்கொண்டு பதிவதென முடிவாயிற்று. 1970 பிப்ரவரி 14-ஆம் நாள் லீட்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர் உணவுச்சாலை; மறுநாள் ஹல் நகர மண்டபம்.

ஹல் இரவே சிறந்தது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் நாடாவை ஓட்டிக் கேட்டபோது, ஹல் நிகழ்ச்சியின் தொடக்கப் பாடல்கள் சிலவற்றில் என்ட்விசிலின் பேஸ் ஒலி பதிவாகவே இல்லை. ஆதலின் லீட்ஸ் இரவே இசைத்தட்டாயிற்று. 1970 மே மாதத்தில் அது வெளிவந்தது. முப்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் நிகழ்ந்த அவ்விரவினின்று ஆறே பாடல்கள் அதில் இடம்பெற்றன.

அத்தட்டின் உறையைக் கூறாது விடலாகாது. அக்காலத்தில் இசைக்குழுவினரின் இசைவின்றிக் களவிற் பதிந்து விற்கப்படும் தட்டுகள் பரவத் தொடங்கியிருந்தன. அவை வெற்றுறையில் முத்திரை குத்தி வருவன. தி ஹூவினர் அதனையே நகையாடி, பழுப்புத்தாள் போன்ற உறையில் முத்திரை குத்தினாற்போல் பெயரைப் பொறித்தனர். உள்ளே, தம்மை ஏற்க மறுத்த இசைத்தட்டு நிறுவனத்தின் கடிதப்படி, உட்ஸ்டாக் விழா ஒப்பந்தத்தின் படி முதலாய தாள்கள் வைக்கப்பட்டிருந்தன. தட்டின் நடுவட்டத்திலோ, இடையிடையே கேட்கும் படபடப்பொலி இருந்தவாறே இருக்கலாம், அதனைத் திருத்தற்க என்று கையெழுத்தில் ஒரு குறிப்பு! குறையை மறைக்காது முன்கூட்டிச் சொல்லிவிடும் இந்நேர்மை எனக்கு மிகவும் உவப்பு.

அவ்வாறு பாடல்களுள் முதலில் கேட்கத்தக்கது 'யங் மேன் புளூஸ்'. இதனை இயற்றியவர் மோஸ் அலிசன் என்னும் அமெரிக்கப் பியானோ இசைஞர். அவர் 1957-இல் வெளியிட்ட பதிவு இரண்டு நிமிடத்திற்கும் குறைவானது; மெல்லென நடப்பது. லீட்ஸில் அதே பாடல் என்ன ஆயிற்றென்று பாருங்கள். டால்ட்ரி ஓரடியைத் துணைக்கருவி யாதுமின்றித் தனித்துப் பாடுகின்றார். பாடி முடித்ததும் ஒரு கணம் அமைதி. அக்கணம் முடியும்முன் மூவரும் ஒருசேர இடிபோல் விழுகின்றனர். மீண்டும் அமைதி, மீண்டும் ஒற்றைக்குரல். இதனைக் கேட்கும் மாணவன் இடியை மட்டும் கேளாமல், இடிக்கு முற்பட்ட வெற்றிடத்தைக் கேட்டல் வேண்டும். அவ்விடத்தில் உணவுச்சாலையின் சுவர்களிற் பட்டுத் தேயும் ஒலியும், மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் அவையும் பதிந்துள்ளன. பதிவு நிலையத்தில் எத்துணைப் பொருள் செலவிட்டாலும் அம்மூச்சடக்கத்தை உண்டாக்க இயலாது.

'மை ஜெனரேஷன்' என்பது 1965-இல் மூன்று நிமிடச் சிறுபாடலாக வெளிவந்தது. லீட்ஸ் தட்டில் அது 14 நிமிடங்களுக்கு மேல் நீள்கின்றது. பாடல் முடிந்தது என்று கேட்போர் கருதும் இடத்தில் டவுன்ஷெண்ட் நிறுத்துவதில்லை. 'டாமி' நாடகத்தின் ஓர் உறுப்பைத் தொடுகின்றார். அதனின்று புதிதாக ஒரு சிறுதொடரைத் தோற்றுவிக்கின்றார். மற்றிருவரும் அவர் போக்கை உய்த்துணர்ந்து உடன் செல்கின்றனர். கீத் மூன் காலக்கணக்கைக் காப்பவராக வாசிக்கவில்லை. கிட்டாரோடு வழக்காடுகின்றவர்போல் வாசிக்கின்றார். கணக்கைக் காப்பது என்ட்விசிலின் பேஸ். பிறகுழுக்களில் டிரம் செய்யும் வேலையை இங்குப் பேஸ் செய்கின்றது. இதனால்தான் ஹல் இரவின் நாடாவில் பேஸ் இல்லாதது அத்துணைப் பெருங்குறையாயிற்று.

லீட்ஸ் உணவுச்சாலையின் சுவரில் இந்நிகழ்ச்சியைக் குறிக்கும் நீலப்பலகை ஒன்று பதிக்கப்பெற்றுள்ளது. 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டவுன்ஷெண்டும் டால்ட்ரியும் அதே கூடத்தில் மீண்டும் பாடினர். மூன் 1978-இலும் என்ட்விசில் 2002-இலும் இறந்துபட்டனர்.

நிற்க. கல்லூரிக் கூடமன்றாயினும், அடுத்ததாக நியூயார்க் நகரத்து ஃபில்மோர் ஈஸ்ட் என்னும் அரங்கிற்குச் செல்லாமல் இப்பொருள் நிரம்பாது. பில் கிரகாம் என்பவர் 1968 மார்ச்சில் திறந்து 1971 ஜூனில் மூடிய அரங்கு அது. மூன்றாண்டிற்குச் சற்றே மிக்க அவ்வாழ்நாளுள் அங்கு நிகழ்ந்தவற்றுள், ஜார்ஜியா மாகாணத்து மேக்கன் நகரில் வாழ்ந்த ஆல்மன் பிரதர்ஸ் குழுவினர் 1971 மார்ச் 12, 13 ஆகிய இரவுகளில் நிகழ்த்தியதே நிலைபெற்றது. இவர் அறுவர்: மூத்தவர் டுவேன் ஆல்மன் கிட்டார், இளையவர் கிரெக் ஆல்மன் குரலும் ஆர்கனும், டிக்கி பெட்ஸ் இரண்டாம் கிட்டார், பெரி ஓக்லி பேஸ், பட்ச் டிரக்ஸ், ஜெய்மோ என்னும் இருவர் டிரம். வெள்ளையரும் கறுப்பரும் ஒரு மேடையிற் கூடி வாசிப்பது அமெரிக்கத் தென்னாட்டில் அந்நாளில் எளிய செய்தியன்று என்பதையும் உடன் நினைக்க.

பதிவை மேற்பார்த்தவர் டாம் டவுட். இளமையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அணுகுண்டு ஆராய்ச்சித் திட்டத்திற்காக உழைத்துப் பின்னர் இசைப்பதிவுத் துறைக்கு வந்தவர் அவர். பௌதிகம் பயிலும் நண்பர்கள் மகிழ்வார்களாக.

தட்டின் தொடக்கமாகிய 'ஸ்டேட்ஸ்போரோ புளூஸ்', பிளைண்ட் வில்லி மக்டெல் என்னும் கண்ணிழந்த பாடகர் 1928-இல் பதிந்த பாடல். முன்னர்க் கூறிய பன்னிரண்டு ஆவர்த்த வட்டத்தை விரல்விட்டு எண்ணிப் பழகுதற்கு இதனினும் தக்க பாடம் இல்லை. டுவேன் தம் விரலொன்றில் மருந்துக்குப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு தந்திகளின்மேல் வழுக்குகின்றார். மெட்டுகளின் தடையின்றிச் சுரத்தினின்று சுரத்திற்கு ஒலி வழிந்து செல்லும். நம் நாட்டுக் கோட்டுவாத்தியம் கேட்டார்க்கு இவ்வின்பம் புதிதன்று.

'விப்பிங் போஸ்ட்' என்னும் பாடல் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் கொண்டு 23 நிமிடம் ஓடுகின்றது. ஓக்லியின் பேஸ் தனித்துத் தொடங்குகின்றது. அதன் தாளத்தை எண்ணிப் பாருங்கள்: மூன்று, மூன்று, மூன்று, இரண்டு, ஆகப் பதினொன்று. ஈற்றில் வரும் அவ்விரண்டு, படியேறுவோன் இறுதிப்படி இல்லாமையால் தடுக்கிவிழுவது போன்றதோர் உணர்ச்சியை ஒவ்வொரு சுற்றிலும் தரும். குரல் எழுந்தபின் தாளம் மும்மூன்றாகச் சீர்ப்பட்டுவிடும். இப்பாடலை இயற்றிய கிரெக், தாம் பதினொன்றில் இயற்றியதைத் தாமே அறிந்திலர். தமையனார் சொல்லித்தான் தெரிந்துகொண்டார் என்பது அவர் வாய்மொழி. இலக்கணம் அறியாமலே வெண்பாப் பாடிவிடும் பிள்ளைகளும் உண்டன்றோ?

எனினும் இத்தட்டில் யான் தலையாயதாகக் கொள்வது சொல்லே இல்லாத ஒரு பாடலை. பெயர் 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்'. மேக்கன் நகரத்து ரோஸ் ஹில் இடுகாட்டில் கண்ட கல்லறை ஒன்றிலிருந்து டிக்கி பெட்ஸ் அப்பெயரை எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் அவர் தந்தியை மீட்டுங்கால் ஒலியை அடக்கிவைத்து, மீட்டியபின் மெல்லத் திறக்கின்றார். ஆதலின் நகம்பட்ட ஓசை மறைந்து, வில்போட்ட வயலின்போல் ஒலி மலர்கின்றது. பின்னர் இரு கிட்டார்களும் ஒரே தொடரை இருவேறு சுரநிலைகளில் இணைந்து வாசிக்கும். அதன்மேல் ஒருவர்பின் ஒருவராகத் தனித்து எழுவர். டுவேனின் தனிவாசிப்பில் ஒரு கட்டம் வரும். அங்கே அவர் ஒரு சிறுதொடரையே திரும்பத் திரும்ப வாசித்து ஏற்றிக்கொண்டே செல்ல, டிரம் இரண்டும் அதனைத் தாங்கிக்கொண்டு உயரும். உச்சியை எட்டியதும் அவர் தாமாகவே இறங்கிவந்து பிறர்க்கு வழிவிடுகின்றார். கைதட்டலுக்காக ஒரு கணமேனும் அங்கு அவர் தங்கவில்லை. இவ்வடக்கத்தை எத்துணை முறை கேட்டும் எனக்குத் தெவிட்டியதில்லை.

தட்டு 1971 ஜூலையில் வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாள் டுவேன் ஆல்மன் மேக்கனில் மோட்டார்சைக்கிள் விபத்தில் இறந்தார், வயது 24. மறு ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் பெரி ஓக்லியும் அந்நகரிலேயே அத்தகைய விபத்தில் மாண்டார்; அவர்க்கும் வயது 24. பாடலுக்குப் பெயர் தந்த அதே ரோஸ் ஹில் இடுகாட்டில் இருவரும் அடக்கஞ் செய்யப்பட்டனர். இதனை அறிந்தபின் அப்பாடலை முன்போலக் கேட்டல் அரிது. 'விப்பிங் போஸ்ட்' தேய்ந்து மறையும் ஈற்றில், அவர்கள் நிறுத்தாமல் வேறொரு பாடலைத் தொடங்குவது மெல்லக் கேட்கும். 33 நிமிடம் நீண்ட அப்பாடல், 'மவுண்டன் ஜாம்', டுவேன் இறந்தபின் 1972-இல் வந்த தட்டிலேதான் கிடைத்தது.

மீண்டும் கல்லூரிக்கு வருவாம். நியூயார்க் மாகாணத்து இத்தாக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் உளது. அங்குள்ள பார்ட்டன் ஹால், அணிவகுப்புப் பயிற்சிக்கென எழுந்து, பின் விளையாட்டுக்கும் பயன்பட்டு வருவது. 1977 மே மாதம் 8-ஆம் நாள் இரவு கிரேட்ஃபுல் டெட் என்னுங் கலிபோர்னியக் குழுவினர் அங்கே வாசித்தனர். மே மாதமாயிருந்தும் அன்று பனி பெய்தது.

இக்குழுவினரின் வழக்கம் தனித்தன்மையுடையது. ஓரிரவு பாடியதை மறுஇரவு அவ்வாறே பாடார். ஆதலின் அவர்தம் அன்பர் எல்லா இரவுகளையும் சேர்க்க விழைந்தனர். பிற குழுவினர் களவுப்பதிவாளரைத் துரத்த, இவர்களோ பதிவுசெய்வோரைப் பொறுத்துக்கொண்டனர். 1984 அக்டோபர் முதல் அவர்க்கெனத் தனியிடமும் தனிச்சீட்டும் வகுத்தனர். விதி ஒன்றே: நாடாவை மாற்றிக்கொள்ளலாம், விற்றலாகாது. ஒலிவாங்கியின் அருகே நின்று பதிவோர் கைதட்டவும் அஞ்சி அசையாதிருப்பராம். கைப்பேசியைத் தலைக்குமேல் உயர்த்திப் பின்னிருப்போர் கண்ணை மறைக்கும் இக்காலத்து நம்மவர்க்கு அவ்வொழுக்கம் சிறிது வரலாகாதா என்று எண்ணுவதுண்டு.

கார்னெல் இரவைப் பதிந்தவர் குழுவினரின் ஒலிப்பொறியாளராகிய பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்னும் பெண்மணி. அவர் வேலையின் அருமையை அறிதற்கு ஒரு நுட்பம் தெரிதல் வேண்டும. மேடையிலுள்ள கருவிகள் ஒவ்வொன்றையும் நாடாவின் வெவ்வேறு தடங்களில் தனித்தனியே பதிந்துகொண்டால், பின்னர் ஆறஅமர இருந்து குரலைக் கூட்டலாம், டிரம்மைக் குறைக்கலாம். இவரோ பதிந்தது இரண்டே தடங்களில். எவ்வொலி எவ்வளவு என்பதை அக்கணமே, செவியில் மாட்டிய கருவி ஒன்றையே துணையாகக் கொண்டு முடிவுசெய்தல் வேண்டும். தவறின் திருத்த வழியில்லை. மேடைமேல் இருந்தோர் எழுவர் தத்தம் போக்கில் புனைந்து வாசிக்க, அவர்களோடு எட்டாவதாக இவரும் வாசித்தார் என்றே யான் கொள்வேன்.

அந்நாடாக்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அவர் பதிந்து வைத்த நாடாப்பெட்டிகள் வாடகைச் சேமிப்பறை ஒன்றில் கிடந்து, வாடகை நின்றமையால் 1986-இல் ஏலத்திற்கு வந்தன. ஏலத்தில் எடுத்தவர்கள் கையினின்று அவை அன்பரிடையே பரவின. கார்னெல் இரவு 2011-ஆம் ஆண்டுக்குரிய தேர்வில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. குழுவினரே அதனை முறையாக வெளியிட்டதோ 2017-இல்தான். குப்பைக்குச் சென்றிருக்கக்கூடிய பொருள் ஒரு தேசத்தின் சேமிப்புப் பொருளாயிற்று! நம் கல்லூரி விழாக்களில் பாடப்பட்டவை எத்தனை நாடாக்களில் எந்தெந்த அலமாரியில் பூஞ்சணம் பூத்துக் கிடக்கின்றனவோ?

அவ்விரவில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' என்ற பாடல் எவ்விடத்தில் முடிந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பதைக் கண்டுபிடிக்க முயலுங்கள். ஏறத்தாழ 25 நிமிடம் ஓடும் அவ்விணைப்பில் எல்லைக்கோடு காண்பது எளிதன்று. ஆனால் உச்சம் அதுவன்று. இரவின் இறுதியை ஒட்டி வரும் 'மார்னிங் டியூ' என்பதே உச்சம். பானி டாப்சன் என்னும் கனடா நாட்டுப் பாடகி, அணுகுண்டுப் போரால் உலகம் அழிந்தபின் எஞ்சிய இருவர் பேசிக்கொள்வதாக இயற்றிய பாடல் அது. ஜெர்ரி கார்சியா அதனை மிக மெல்லத் தொடங்குகின்றார். ஈற்றில் குரல் அடங்கியபின், அவர் கிட்டார் காதுக்கெட்டாத மென்மையினின்று புறப்பட்டு, விரைவு மிகுந்து, தனித்தனி ஒலி பிரித்தறிய இயலாதவாறு ஒரே அதிர்வாகித் திரள்கின்றது. முழங்கிய பெருங்கூடம் பின் வெடித்து ஆர்க்கும் ஆரவாரமும் பதிவில் உண்டு. கார்சியா 1995 ஆகஸ்ட் 9-ஆம் நாள் மறைந்தார்.

இக்குழுவின் டிரம் வாசிப்போருள் ஒருவராகிய மிக்கி ஹார்ட், 1991-இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' என்னும் தட்டில் ஜாகிர் உசேனின் தபேலாவோடு நம் விக்கு விநாயகராமின் கடமும் ஒலிக்கின்றது. உலக இசைக்கென முதன்முறையாக வழங்கிய கிராமி பரிசைப் பெற்றது அத்தட்டே. விநாயகராமின் கடம் அதற்கு முன்னரே ஒரு கல்லூரிக்குச் சென்றதுண்டு. ஜான் மக்லாலின் என்னும் கிட்டார் வல்லுநரோடு எல். சங்கரின் வயலினும், ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கமும், ஜாகிர் உசேனின் தபேலாவும் சேர்ந்து 'சக்தி' என்னும் பெயரால் வாசித்த முதற்றட்டு, 1975 ஜூலை 5-ஆம் நாள் நியூயார்க் மாகாணத்து சவுத்தாம்டன் கல்லூரியில் அவையோர் முன் பதிவானதே. அது ராக் அன்று. ஆயினும் ராக் கேட்பவனைக் கச்சேரிக்கு அழைத்துவருதற்கும், கச்சேரி கேட்பவனை அப்புறம் அழைத்துச்செல்லுதற்கும் அதுபோன்ற பாலம் பிறிதில்லை.

இன்னும் சில பதிவுகளைச் சுருங்கக் கூறுவல். டீப் பர்ப்பிள் குழுவினர் 1972 ஆகஸ்ட் 15, 16-இல் ஒசாக்காவிலும் 17-இல் டோக்கியோவிலும் பாடியது 'மேட் இன் ஜப்பான்'. ஜப்பானிய நிறுவனத்தார் வற்புறுத்தியதனாலேயே பதிந்தனர். தமக்கு அதில் பெருவிருப்பம் இருந்ததில்லை. ஜான் லார்டின் ஆர்கனுக்காகவே ஒருமுறை கேட்கலாம். மறுமுறை, 'சைல்ட் இன் டைம்' பாடலில் இயன் கில்லனின் குரல் படிப்படியாக ஏறும் ஏற்றத்திற்காகக் கேட்கலாம். டிரம் தனியாவர்த்தனம் எனக்கு நீளமாகவே படுகின்றது. பாப் டிலன் 1966 மே 17-இல் மான்செஸ்டர் நகரத்து ஃப்ரீ டிரேட் மண்டபத்தில் மின்கிட்டாரோடு பாடியபோது, நாட்டுப்பாடலைக் கைவிட்டாரெனச் சினந்த ஒருவர் அவையினின்று "யூதாஸ்!" எனக் கூவினார். டிலன் அதனை ஏலாமல் விடைகூறி, குழுவினர்பால் திரும்பி உரக்க வாசிக்குமாறு ஏவினார். அடுத்து எழும் முதல் அடியின் சீற்றம் இன்றும் தணியவில்லை. வேறொரு மண்டபத்தின் பெயரால் களவுத்தட்டாக உலவிய அப்பதிவு, 1998-இல்தான் முறைப்படி வந்தது.

இனி, அரங்கப் பதிவு என்பது எவ்வளவில் உண்மையானது என்னும் வினா ஒன்று எஞ்சி நிற்கின்றது. தின் லிசி குழுவினரின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' 1978-இல் வெளிவந்து பெரும்பாராட்டுப் பெற்றது. அதனை ஆக்கிய டோனி விஸ்கான்டி, அதிற் பெரும்பகுதி பின்னர்ப் பதிவு நிலையத்தில் மீட்டுப் பாடிச் சேர்த்தது என்றார். குழுவினரோ அஃது அவ்வாறன்று, பெரும்பாலும் மேடையிற் பாடியதே என்றனர். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1993 நவம்பர் 18-இல் நியூயார்க்கில் மின்னிணைப்பற்ற இசையென விளம்பரமான நிகழ்ச்சியில் பாடினார். அவர் தம் கிட்டாரை ஒலிபெருக்கியோடு இணைத்தே வாசித்தார். அது கண்ணிற் படாதவாறு மரப்பெட்டியால் மறைத்தனர். ஆயினும் அல்லிமலரும் கருமெழுகுவத்தியும் சூழ அவர் பாடிய இறுதிப்பாடலைக் கேட்டார் எவரும், அதிற் பொய் உளதென்று சொல்லத் துணியார். ஐந்து திங்களுள் அவர் உயிர்துறந்தார். ஆல்மன் குழுவினரின் தட்டிலும் 'ஸ்டார்மி மண்டே' என்ற பாடலில் ஹார்மோனிக்கா வாசிப்பொன்றை டவுட் வெட்டிவிட்டார். பின்வந்த பதிப்பிலே அது மீண்டது. வெட்டியதும் ஒருவகைப் பொய்யே எனக் கடுத்துரைப்பாரும் உளர். யான் அங்ஙனம் கருதேன். நிகழ்ந்ததில் ஒன்றை விடுவது வேறு. நிகழாததைச் சேர்ப்பது வேறு.

இவ்வெல்லைக்கோட்டின்மேலேயே நிற்பதொன்று உண்டு. தி ஹூவினர் கைவிட்ட ஹல் இரவு 2010-இல் வெளிவந்தது. பேஸ் பதியாத தொடக்கப்பாடல்களை எங்ஙனம் நிரப்புவது? என்ட்விசில் இறந்து எட்டாண்டுகள் ஆகியிருந்தன. முதல்நாள் லீட்ஸில் அவர் அதே பாடல்களுக்கு வாசித்த பேஸை எடுத்து, நவீனக் கணினியின் உதவியால், மறுநாள் ஹல்லில் மற்ற மூவரும் வாசித்ததன்கீழ் பொருத்தினர். வாசித்தவர் அவரே, பாடலும் அதுவே, இரவுமட்டும் வேறு. யான் இருபதிவுகளையும் அடுத்தடுத்துப் பலமுறை கேட்டிருக்கின்றேன். பொருத்திய இடம் என் செவிக்குப் புலப்படவில்லை. ஆயினும் அப்பாடல்கள் முடிந்து, ஹல் இரவின் சொந்தப் பேஸ் ஒலிக்கத் தொடங்கும் பாடல் எப்பொழுது வருமென்று ஒவ்வொரு முறையும் காத்திருக்கின்றேன்.